ஒரே காசுக்காரர்

பூனாவை ஒட்டிய சாங்வியில் அந்த வீட்டின் மாடிக்கு நாங்கள் குடிபோன அன்று, அட்டைப்பெட்டிகளைக்கூட இன்னும் பிரித்திருக்கவில்லை, கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்தார். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, காலில் ரப்பர் செருப்பு. "தமிழா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும் முகம் முழுக்கச் சிரித்தார். உடனே, மொட்டைமாடியில் இருக்கும் எங்கள் தண்ணீர்த் தொட்டியையும் அவருடைய தண்ணீர்த் தொட்டியையும் ஒரு குழாய் போட்டுச் சேர்த்துவிடலாமா என்று கேட்டார்.

என் கணவருக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்குங்க சார்?" என்றார்.

"ரெண்டு தொட்டி எதுக்குங்கேன்? நீங்க ரெண்டு பேரும் காலையில கம்பெனி கேப்ல ஹிஞ்சேவாடி போயிருவிய. உங்களுக்குத் தண்ணி காலையில வேணும். எங்களுக்குச் சாயந்திரம் வேணும். சேந்துட்டோம்னா யாருக்கும் குறையாது." சொல்லும்போது இரண்டு கை விரல்களையும் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்துக் காட்டினார்.

புது இடம், தமிழ் பேசுகிறவர், முதல் நாளே மறுப்பானேன் என்று சரி சொன்னோம். பிளம்பர் வந்து சேர்த்துவிட்டுப் போனார். மறுநாள் காலை இரண்டு வீட்டிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. எங்கள் தொட்டியின் அடியில் ஒரு விரிசல் இருந்திருக்கிறது. எங்கள் தண்ணீரோடு அவர் தண்ணீரும் அந்த வழியே போய்விட்டது.

அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. பக்கெட்டோடு படியில் நின்றபடி, "ஓட்டை உங்க தொட்டியில. சேத்ததுல தப்பில்ல பாத்துக்கிடுங்க" என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

கேம்ப் பகுதியில் ஒரு கல்லூரியில் அவர் பொருளாதாரம் கற்பித்துவந்தார். அப்பா காலத்திலேயே பாளையங்கோட்டைப் பக்கத்திலிருந்து கண்டோன்மெண்டுக்கு வந்து தங்கிவிட்ட கிறிஸ்தவக் குடும்பம். பிறந்ததே பூனாவில். ஆனாலும் வீட்டில் பேசுகிற தமிழில் திருநெல்வேலி அப்படியே இருந்தது. நடுவில் காய்கறிக்கும் ஆட்டோவுக்கும் மட்டும் இந்தியும் மராத்தியும் தாமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அவர் மனைவி கண்டோன்மெண்ட் பள்ளி ஒன்றில் ஆசிரியை. நாங்கள் அவரை டீச்சர் என்று கூப்பிட்டோம். அவர் கணவரும் அப்படித்தான் கூப்பிட்டார். ஒரே மகள் கல்யாணமாகி நாசிக்கில் இருந்தாள்.

எதையும் தனித்தனியாக விட்டுவைக்க அவருக்கு மனம் வராது. சாப்பிடும்போது சாம்பாரையும் ரசத்தையும் ஒன்றாக ஊற்றிக்கொள்வார், வயிற்றுக்குள் போய் எப்படியும் சேரத்தானே வேண்டும் என்பார். அந்த வட்டாரத்தில் தமிழர்களுக்கு இரண்டு சங்கங்கள் இருந்தன. ஒன்று பொங்கல் கொண்டாடும், இன்னொன்று கிறிஸ்துமஸ் கொண்டாடும். இரண்டையும் ஒன்றாக்குவதற்காக ஒரு வருடம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாக அலைந்தார். கடைசியில் பொதுக் கூட்டம் கூடியது. ஆரம்பத்தில் எந்தப் பாட்டுப் பாடுவது என்பதில் தொடங்கிய பேச்சு, மதியச் சாப்பாட்டில் முட்டை உண்டா இல்லையா என்பது வரைக்கும் போனது. பழைய சங்கங்கள் இரண்டும் அப்படியே இருக்க, இரண்டின் மேலும் வெறுத்துப்போனவர்கள் சேர்ந்து மூன்றாவதாக ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு அவரைத் தலைவராக இருக்கச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். மூன்றையும் சேர்க்கிற வேலை இருக்கும்போது ஒன்றில் மட்டும் பொறுப்பு எடுத்துக்கொள்வது முறையில்லை என்று காரணம் சொன்னார்.

இதெல்லாம் சில்லறைக் காரியங்கள். அவருடைய வாழ்க்கை லட்சியம் வேறு. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, நேபாளம், பங்களாதேஷ் என்று இந்தப் பக்கத்து நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே நாணயம் வர வேண்டும். கராச்சியில் வாங்கின காசை மதுரையில் கொடுத்து இட்லி சாப்பிட வேண்டும். இதைப் பற்றி அவர் எழுதி அனுப்பிய கட்டுரைகள் எல்லாம் ஒழுங்காகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. திரும்பி வந்ததை இன்னும் கொஞ்சம் நீளமாக்கி மறுபடி அனுப்புவார்.

ஐரோப்பாவில் யூரோ நோட்டுகள் மக்கள் கைக்கு வந்த புத்தாண்டு அன்று, சர்ச்சிலிருந்து திரும்பியதும் ஒரு பெரிய டப்பா நிறையப் பேடா வாங்கி லேன் முழுக்கக் கொடுத்தார். எல்லாரும் புத்தாண்டுக்கு என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டு, ஹேப்பி நியூ இயர் சொன்னார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தபோது மட்டும்தான் காரணத்தைச் சொன்னார்.

"ஜெர்மன்காரனும் பிரெஞ்சுக்காரனும் எத்தனை சண்டை போட்டிருப்பான்? இன்னைக்கு ஒரே காசு பாத்தியளா? நமக்கு என்ன கேடு?"

டீச்சர் கீழிருந்து குரல் கொடுத்தார். "அவன்கிட்ட கேட்டு நம்ம வீட்டுக் கரண்ட் பில்லையும் கட்டச் சொல்லுங்க. இன்னைக்குத்தான் கடைசி நாளு."

டீச்சரைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில் சாரும் அவருடைய அண்ணன், தம்பியும் சேர்ந்து ஒரு பொதுக் கணக்குத் தொடங்கியிருக்கிறார்கள். மூவர் சம்பளமும் அதில் விழும், யாருக்குத் தேவையோ அவர் எடுத்துக்கொள்ளலாம். யோசனை யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை. தம்பிக்கு மட்டும் எப்போதும் தேவை இருந்தது. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கட்டப் போனால் கணக்கில் ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கைக்குழந்தையோடு வீட்டுக்கு வந்த டீச்சர், முதலில் செய்த காரியம் தன் பெயரில் தனியாக ஒரு கணக்குத் தொடங்கியது. அதன்பிறகு அவர் சம்பளம் அவருக்கு, சார் சம்பளம் சாருக்கு. வாடகை சார், மளிகை டீச்சர் என்று எல்லை போட்டு, அதைத் தாண்டாமல் குடும்பம் நடந்தது.

ஜாயிண்ட் அக்கவுண்ட் வைத்துக்கொள்ளலாம் என்று சார் அடிக்கடி கேட்பார். என் முன்னாலேயே கேட்டிருக்கிறார். டீச்சர் கீரையை ஆய்ந்துகொண்டே பதில் சொல்வார்.

"நீங்க பாகிஸ்தானோட சேருங்க, பங்களாதேஷோட சேருங்க. நான் குறுக்க நிக்கல. என் பாஸ்புக்கோட மட்டும் சேர வேண்டாம்."

"பாத்தியளாம்மா? வீட்டுக்குள்ளயே இப்படி இருந்தா நாடுகள் எப்படிச் சேரும்?" என்று என்னிடம் நியாயம் கேட்பார். நான் கோயம்புத்தூர்க்காரி. இந்த மாதிரி நேரங்களில் சிரித்து வைப்பதோடு நிறுத்திக்கொள்ளத் தெரியும்.

ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையில், கணபதி விழாக் கமிட்டியின் சின்ன ஹாலைக் கேட்டு வாங்கி, ஒரே நாணயம் பற்றிப் பேசினார். இந்தியில்தான் பேச்சு. பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறையப் போட்டிருந்தார்கள். வந்தவர்கள் முன்வரிசையிலேயே அடங்கிவிட்டார்கள். பணவீக்கம், வட்டி, ஏற்றுமதி என்று எல்லாக் கேள்விகளுக்கும் அவர் தயாராக வந்திருந்தார். பேச்சு முடிந்ததும் எங்கள் லேனில் இருந்த ஓய்வுபெற்ற சுபேதார் எழுந்து நின்றார். மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நோட்டில் யார் படம்?"

இதற்கு அவர் தயாராக வரவில்லை. ஐரோப்பாவில் யார் படமும் போடவில்லை, பாலத்தைத்தான் போட்டிருக்கிறார்கள் என்றார்.

"எந்த நாட்டுப் பாலம்?"

"எந்த நாட்டுலயும் இல்லாத பாலம், சுபேதார் சாப். யாரும் சண்டை போடக் கூடாதுன்னு கற்பனையா வரைஞ்சது."

சுபேதார் சுற்றும் முற்றும் பார்த்தார். "இல்லாத பாலத்தைப் போட்ட நோட்டுக்கு இருக்கிற சாமானை யார் கொடுப்பான்?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். ஹாலே சிரித்தது. சாரும் சேர்ந்து சிரித்தார். வீட்டுக்கு வந்ததும், "நல்ல கூட்டம், நல்ல விவாதம்" என்று டீச்சரிடம் சொன்னார். அவர் அப்படித்தான். தோற்றது அவருக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம்தான் அந்தச் சில்லறைத் தட்டுப்பாடு வந்தது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் திடீரென்று எங்கோ போய் ஒளிந்துகொண்டன. எங்கள் லேனில் முக்கியமான கடைகள் மூன்று. மளிகைக் கடை சேட்டுடையது. பால் பூத் ஒரு மராத்திப் பெண்மணியுடையது. மராத்தியில் அக்காவுக்குத் தாயி என்று பெயர், லேன் முழுக்க அவர் தாயிதான். மூன்றாவது மருந்துக்கடை. சேட் சில்லறைக்குப் பதிலாக ரப்பர் ஸ்டாம்ப் குத்திய துண்டுச்சீட்டு கொடுத்தார். தாயி பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி அதில் பேனாவால் ஒன்று, இரண்டு என்று எழுதிக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் கொடுத்தார். சேட்டின் சீட்டைத் தாயி வாங்கமாட்டார். தாயியின் அட்டையைச் சேட் வாங்கமாட்டார். பிளாஸ்டரை மருந்துக்கடைக்காரரே திரும்ப வாங்கமாட்டார்.

ஒரு நாள் அவர் சட்டைப் பையிலிருந்து மூன்றையும் எடுத்து என்னிடம் காட்டினார். குரல் நடுங்கியது. "ஒரு லேன்ல மூணு கரன்சிம்மா!" கோபத்தில் நடுங்கவில்லை, சந்தோஷத்தில். இத்தனை வருடம் கட்டுரையாகத் திரும்பி வந்தது இப்போது வாசலுக்கே வந்து நிற்கிறது.

மூன்று கடைக்காரர்களையும் தன் வீட்டில் உட்காரவைத்து, டீச்சர் கையால் காப்பி கொடுத்துச் சம்மதிக்கவைத்தார். ஒரே கூப்பன், மூன்று கடையிலும் செல்லும். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்பதை மாதக் கடைசியில் நேர்செய்துகொள்ளலாம். கசார்வாடியில் ஓர் அச்சகத்துக்குப் போய் ஒரு ரூபாய்க்குப் பச்சை, இரண்டு ரூபாய்க்கு ரோஸ் என்று கெட்டி அட்டையில் அடித்துக்கொண்டு வந்தார். யார் படம் என்ற தகராறே வேண்டாமென்று நடுவில் ஒரு வெறும் வட்டம் மட்டும் போட்டிருந்தார். பிள்ளைகள் கையில் கிடைத்ததும் அந்த வட்டத்துக்குள் கண், மூக்கு, மீசை எல்லாம் வந்துவிட்டது. ஒன்றில் சுபேதாரே இருந்தார். கள்ள அட்டை வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றின் பின்னாலும் தன் கைப்பட முழுக் கையெழுத்துப் போட்டார். நாள்கணக்கில் உட்கார்ந்து போட்டார்.

நம்பமாட்டீர்கள், கூப்பன் ஓடியது. முதல் சில வாரங்கள் லேனே அதில்தான் நடந்தது. இஸ்திரிக்காரர் வாங்கினார். ஆட்டோக்காரர் ஒருவர் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காணிக்கைப் பையில் இரண்டு பச்சை அட்டைகள் விழுந்திருந்தன. பாஸ்டர் அவற்றை உறையில் போட்டு டீச்சரிடம் கொடுத்தனுப்பினார். டீச்சர் அவமானத்தில் சிவந்துபோய் வந்தார். அவரோ உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஜனங்களுக்கு நம்பிக்கை வந்துட்டு டீச்சர். ஆண்டவருக்கே குடுக்காங்க பாரு!" என்றார்.

சேட்டுக்கு இந்தக் கூப்பன் ரொம்பப் பிடித்துப்போயிற்று. கல்லாவில் நாணயம் கிடந்தாலும் அட்டையையே எடுத்துக் கொடுப்பார். கட்டு தீர்ந்துபோனால் சாரிடம் வந்து இன்னொரு கட்டு வாங்கிக்கொண்டு போவார். மளிகை மாதத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை வாங்குவது. பால் அப்படியில்லையே. காலையில் எழுந்ததும் எல்லா வீட்டிலிருந்தும் கையில் அட்டையோடு தாயியிடம்தான் போனார்கள். சேட் கடையில் பிறந்த அட்டைகள் எல்லாம் பால் பூத்தில் வந்து சேர்ந்தன.

ஒரு சனிக்கிழமை லேனில் பால் இல்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க நான் கீழே இறங்கும்போது, தாயி ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவோடு சாரின் வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தார். போனவர் ஹால் தரையில் அதைக் கவிழ்த்தார். பச்சையும் ரோஸும் சரசரவென்று சரிந்து சோபாவுக்கு அடியில்கூடப் போயின.

"பால் வேன்காரனிடம் இதைக் கொடுத்தேன், சார்" என்றார் தாயி. மராத்தியும் இந்தியுமாகக் கலந்து பேசினார். "இது என்ன, பிள்ளைகள் விளையாடுகிற சீட்டா என்று கேட்டான். வளையலை அடகு வைத்து ஒரு வாரம் ஓட்டினேன். இன்று என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தாமலே போய்விட்டான். திங்கட்கிழமைக்குள் பாக்கியைக் கட்டவில்லை என்றால் பூத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம். நான் படிக்காதவள். நீங்கள் புரொஃபசர் என்றுதானே சரி என்றேன்?"

அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அப்படியே அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சார் சட்டையை மாட்டிக்கொண்டு நேராகச் சேட்டிடம் போனார். துணைக்கு என்னையும் கூப்பிட்டார், அதனால் அங்கே நடந்ததை நானே பார்த்தேன். சேட் மரியாதையாக எழுந்து நின்று, ஸ்டூல் போட்டு, இஞ்சி போட்ட டீ வரவழைத்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஓர் அட்டையை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தை அவர் முன்னால் வைத்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இதுல என் பேரு எங்க இருக்கு? கையெழுத்து யாருது?" என்றார் இந்தியில்.

அவர் தன் கையெழுத்தையே ரொம்ப நேரம் பார்த்தார். நான் அவரைப் பார்க்க முடியாமல் பருப்பு மூட்டைகளைப் பார்த்தேன். டீ ஆறிப்போயிற்று. எழுந்து வீட்டுக்கு நடந்தோம். கேட் பக்கம் வந்ததும், "மாசக் கடைசியில நேர்செய்வோம்னு சொன்னோம். நேர்செய்யலைன்னா என்னங்கிறதை யாரும் கேக்கல, நானும் சொல்லல" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை. ஸ்கூட்டரை விற்றால் எவ்வளவு வரும் என்று அன்று மாலை என் கணவரிடம் விசாரித்தார்.

திங்கட்கிழமை டீச்சர் பள்ளிக்கு லீவு போட்டார். எங்களிடமும் சொல்லவில்லை, சாரிடமும் சொல்லவில்லை. பேங்குக்குப் போய்த் தன் கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொண்டு நேராகத் தாயியிடம் போயிருக்கிறார். அடகுக் கடைக்கும் தாயியைக் கூட்டிக்கொண்டு போய் வளையலை மீட்டுக் கொடுத்திருக்கிறார். அடுத்து சேட் கடை. அங்கே என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. தாயிக்குக் கொடுத்த பணத்துக்கு ஈடாக, அரிசி, பருப்பு, எண்ணெய் என்று சேட் மாதாமாதம் டீச்சர் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. சேட் அதற்கப்புறம் டீச்சர் தெருவில் வந்தால் எழுந்து நிற்பார். டீ மட்டும் வரவழைக்கமாட்டார்.

செய்தி தாயி மூலமாகத்தான் சாருக்குத் தெரிந்தது. அன்று சாயந்திரம் நான் ஆபீசிலிருந்து திரும்பும்போது கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். சார் எதிரே நின்றுகொண்டிருந்தார், வகுப்பில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரி.

"டீச்சர், எப்படி உனக்கு..."

"இங்க பாருங்க. தாயி பொழைப்புல மண்ணு விழக்கூடாது. அதுக்காகச் செஞ்சேன். உங்க கூப்பனுக்காக இல்ல." டீச்சர் தலை நிமிரவில்லை. "இனிமே உங்க சம்பளம் உங்க கையில இருக்கப்படாது. நாளைக்கே பேங்குக்குப் போவோம். ரெண்டு பேரு சம்பளமும் ஒரே கணக்குல விழட்டும். பாஸ்புக் என் பீரோவுல இருக்கும். பணம் எடுக்கணும்னா என் கையெழுத்து மட்டும்தான். உங்க கையெழுத்து போட்ட வரைக்கும் போதும்."

நான் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் படியிலேயே நின்றேன். எனக்குச் சாரை நினைத்துப் பாவமாக இருந்தது.

"ஒரே கணக்குன்னா... அப்போ ஜாயிண்ட் அக்கவுண்ட்டா டீச்சர்?"

டீச்சர் சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா" என்றார்.

அன்று மாலையே பேடா டப்பாவோடு அவர் மேலே வந்தார். "டீச்சர் சம்மதிச்சுட்டாம்மா! இத்தனை வருஷமா கேட்டது. இன்னைக்கு நடந்துட்டு" என்றார். நிபந்தனைகளை நான் காதாரக் கேட்டிருந்தேன். அவரும் கேட்டிருந்தார். ஆனால் அவர் காதில் விழுந்தது ஒன்றாகச் சேர்ந்த செய்தி மட்டும்தான். பேடாவுக்குப் பணம் டீச்சர் கொடுத்தாராம்.

கூப்பன்களைத் திரும்ப வாங்க ஒவ்வொரு வீடாகப் போய் நின்றார். நிறையப் பேர் கையில் இருந்ததைக் கொடுத்தார்கள். மீசை வரைந்த அட்டைகளைப் பிள்ளைகள் தர மறுத்துவிட்டார்கள்.

அதற்கடுத்த வருடம் என் கம்பெனி என்னை ஆறேழு மாதம் ஜெர்மனிக்கு அனுப்பியது. போகும்போது அவர் வாட்ச் கேட்கவில்லை, சாக்லேட் கேட்கவில்லை. "இருக்கிற நாட்டுக் காசு ஒண்ணு, அடுத்த நாட்டுக் காசு ஒண்ணு கொண்டாங்கம்மா" என்றார். யூரோ நாணயங்களின் ஒரு பக்கம் எல்லா நாட்டுக்கும் பொது, மறுபக்கம் அந்தந்த நாட்டுக்கு உரியது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவருக்குப் படித்துத் தெரியும், பார்த்ததில்லை. பேக்கரியில் கொடுத்த மீதிச் சில்லறையில் எனக்கு ஜெர்மனியின் கழுகு போட்ட காசும் அயர்லாந்தின் யாழ் போட்ட ஒரு யூரோக் காசும் கிடைத்தன. எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஊர் திரும்பிய மறுநாள் கீழே போய் இரண்டையும் அவர் கையில் வைத்தேன். ஒன்றுடன் ஒன்றை ஒட்டிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"இந்த யாழ் காசைக் கழுகு நாட்டுக் கடைக்காரன் வாங்குதானா?"

"அவன் பார்க்கவே இல்லீங்க சார். அப்படியே கல்லாவுல போட்டுக்கறான்."

"பாக்கவே இல்லையாம் டீச்சர்!" என்றார். அதை இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டார்.

நான் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் இன்னமும் யூரோவுக்கு முந்தைய மார்க் பணத்தில்தான் மனக்கணக்குப் போடுவார், யூரோ வந்தபிறகு விலையெல்லாம் ஏறிப்போனதாக ரொட்டி வாங்கும்போதெல்லாம் திட்டுவார் என்பதையும் சொன்னேன். அவர் அதைக் கேட்டு வருத்தப்படுவார் என்று நினைத்தேன்.

"கணக்கு எதுல வேணாலும் போடட்டும்மா. ரொட்டிக்கு எதைக் குடுக்கா?"

"யூரோதானுங்க சார்."

"அவ்வளவுதான் வேணும்."

டீச்சர் சமையலறையிலிருந்து வந்தார். "காசு அழகாத்தான் இருக்கு. பிள்ளை ஊர்லேருந்து வந்திருக்கா, காப்பி போடப் பாலு இல்ல. போயி ஒரு பாக்கெட் வாங்கிட்டு வாங்க" என்று தன் பர்ஸைத் திறந்து ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்தார்.

அவர் நோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாழ் காசைக் கையில் பிடித்தபடியே கிளம்பினார். ஜன்னல் வழியாக டீச்சரும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஏதோ பளபளவென்று ஒரு காசை உயர்த்திக் காட்டிக்கொண்டு வருவதைத் தாயி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். எழுந்தார். பூத்தின் ஷட்டரைப் பிடித்துப் பாதிக்கும் கீழே இழுத்துவிட்டார்.

"நல்லா வேணும்" என்றார் டீச்சர். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

சார் விடவில்லை. குனிந்து, ஷட்டருக்குக் கீழே இருந்த இடைவெளி வழியாக என்னவோ பேசினார். காசை உள்ளே நீட்டினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஷட்டர் மெதுவாக மேலே போயிற்று.

திரும்பி வரும்போது ஓடாத குறை. பால் பாக்கெட்டை மேசையில் வைத்தார், பக்கத்தில் அந்தப் பத்து ரூபாய் நோட்டையும் வைத்தார்.

"டீச்சர், நம்ம லேன்ல யூரோ செல்லுது!"

"என்ன சொல்லுதிய?"

"தாயி வாங்கிட்டா. யாழைப் பாத்தா, சரஸ்வதி கையில இருக்கிற வீணைன்னா. சாமி படத்துக்கிட்ட வைக்கப் போறாளாம். பாலு குடுத்தா. ரூபாயே கேக்கல!"

டீச்சர் என்னைப் பார்த்தார். "அந்தக் காசு நம்ம பணத்துக்கு எவ்வளவு வரும்?"

"ஐம்பதுக்கு மேலேயே வருங்க டீச்சர்."

"ஐம்பதுக்கு ஒரு பாக்கெட்டா? மீதி எங்க?"

"மீதியா?" என்றார் அவர். அப்படி ஒன்று இருக்கக்கூடும் என்பதே அப்போதுதான் தோன்றியது போல எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கேக்கணும்னு தோணல டீச்சர்."

டீச்சர் பத்து ரூபாயை எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு பாலை அடுப்பில் ஏற்றினார். சார் ஜன்னலை விட்டு நகரவில்லை. அங்கே தாயி ஷட்டரை முழுக்கத் திறந்துவிட்டு உட்கார்ந்து, அந்தக் காசைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.